மாலை கழற்றிய மறுநாள்

மாலை போட்டிருக்கும் நாட்களில் மட்டும்தான் என் மகன் எனக்கு மகனாக இருந்தான். மற்ற நாட்களில் அவன் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற சாமிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். என் பெயர் சண்முகத்தாய். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். வீட்டோடு சேர்ந்து பலசரக்குக் கடை. கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போடுவோம். என் வீட்டுக்காரர் பெயர் வேல்மயில். ஆனால் ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் அந்தப் பெயருக்கு வேலை கிடையாது. வருஷம் தவறாமல் சபரிமலைக்குப் போய், பலருக்கு மாலை போட்டுக் கூட்டிப் போகிறவர். அதனால் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாருக்கும் அவர் குருசாமிதான். சித்திரை வெயிலில் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாலும் குருசாமிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டு ஆம்பிளை குடித்துச் சீரழிந்தால் அவனுக்கு எப்படியாவது ஒரு மாலை போட்டுவிடுவது. மாலை கழுத்தில் இருக்கும்வரை தொடமாட்டான். கார்த்திகை பிறக்கப் போகிறது என்றாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலைந்து பெண்கள் எங்கள் கடை முன்னால் நிற்பார்கள். “குருசாமி, இவியளுக்கு ஒரு மாலையப் போட்டு விட்ருங்க. ஒரு மண்டலமாவது நானும் பிள்ளையளும் நிம்மதியாத் தூங்கிக்கிடுதோம்” என்பார்கள். இவரும் போட்டுவிடுவார். சிலர் அதோடு குடியை விட்டே விட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகன். சாமியிடம் வேண்டிப் பெற்றதால் மணிகண்டன் என்று அவர் பெயரையே வைத்தோம். படிப்பு ஏறவில்லை. டிரைவிங் கற்றுக்கொண்டு, புதியம்புத்தூரில் தைக்கிற ரெடிமேட் துணிகளை வெளியூர்க் கடைகளுக்கு ஏற்றிப் போகிற லோடு வேன் ஓட்டினான். தீபாவளி நெருங்கினால் தூக்கமே இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். தூக்கம் வராமலிருக்க யாரோ ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் தூங்குவதற்கு ஒரு மாத்திரை. அப்புறம் கஞ்சா. அப்புறம் வேன் ஓட்டுவதற்காக மாத்திரை என்பது போய், மாத்திரைக்காகவே வேன் ஓட்டுகிற கதையாகிவிட்டது.

எங்களுக்குத் தெரியவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அவன் வாயில் சாராய வாடை வந்ததே இல்லை. “எம்புள்ள குடிக்க மாட்டான்” என்று குழாயடியில் நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். பாருங்கள் என் அறிவை!

உடம்பு பாதியானது. கண் செருகியே இருக்கும். பேசினால் வார்த்தை குழறும். வேலை போனது. பூஜை அறைக் குத்துவிளக்கு ஒரு நாள் காணாமல் போனது. கேட்டதற்கு அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் கடை மூட்டைகள் மேல் போய் விழுந்தார். விழுந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“என்னத்துக்குட்டி அழுத? கார்த்திகை பொறக்கட்டும். மாலையப் போட்டா எல்லாம் சரியாப் போவும்.”

ஊருக்கெல்லாம் கொடுத்த மருந்து வீட்டில் இருக்கும்போது எதற்குக் கவலை என்று நானும்தான் நினைத்தேன்.

கார்த்திகை முதல் தேதி அவர் கையாலேயே மாலை போட்டார். ஆரம்பத்தில் பிள்ளைக்குக் கை கால் நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் என்று நினைத்து சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பிறகு தெளிந்தான். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நிற்பான். கடையில் மூட்டை இறக்கினான். அப்பாவோடு பஜனைக்குப் போய் வந்தான். மாலை போட்டவர்களைப் பெற்ற தாயானாலும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உங்களுக்குத் தெரியும். மற்ற நாளில் “ஏலே மணி” என்று தெருவே கேட்கக் கத்துகிற நான், “சாமி, சாப்பிட வாங்க” என்பேன். சொல்லும்போதே நெஞ்சு நிறைந்து போகும்.

மலைக்குப் போய்த் திரும்பினார்கள். ஊர்ப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்து இவரே மாலையைக் கழற்றினார். வீட்டில் பாயசம் வைத்திருந்தேன். “ஏலே மணி, சாப்பிட வால” என்று ஆசையாகக் கூப்பிட்டேன். வந்து இரண்டு தம்ளர் குடித்தான்.

மறுநாள் காலையில் அவன் படுத்திருந்த பாய் மட்டும்தான் கிடந்தது. சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து, வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். என்னையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த வருஷமும் இதே கதை. மாலை போட்டால் சாமி, கழற்றின மறுநாள் பழைய கோலம். இவர் விடுவதாக இல்லை. மாதா மாதம் மலையில் நடை திறக்கிறார்களே, அதற்கும் மாலை போட ஆரம்பித்தார். போடுவதும் கழற்றுவதுமாகவே வருஷம் ஓடியது. “பேசாம மாலைய அவன் தோலோட வச்சுத் தச்சு விட்ருங்க” என்று ஒரு நாள் ஆத்திரத்தில் சொன்னேன். எனக்கு என்ன ஆனது தெரியுமா? ‘ஏலே’ என்ற வார்த்தையே பயமாகிவிட்டது. நான் அப்படிக் கூப்பிட்டால் மறுநாள் என் பிள்ளை இருக்க மாட்டான் என்று மனசில் விழுந்துவிட்டது. மாலை இல்லாத நாளிலும் ‘சாமி’ என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அய்யப்பனை ஏமாற்றுகிறேனா, என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா, யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கார்த்திகையில்தான் எங்கள் தலையில் கல் விழுந்தது. அடைமழை. காலையில் பஜனைக்குக் கிளம்பினவன் வீடு வரவில்லை. மத்தியானம் எங்கள் மக்காச்சோளக் காட்டு வரப்போரம் குப்புறக் கிடப்பதாக ஆடு மேய்க்கிற ஒருவர் ஓடி வந்து சொன்னார். கழுத்தில் மாலை. பக்கத்தில் மாத்திரை அட்டை. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மழையில் நனைந்த கரிசலில் எந்த வண்டி வரும்? ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு தார்ப்பாயில் கிடத்தி இவரும் என் கொழுந்தனாரும் அந்த ஆடு மேய்க்கிறவரும் நானும் நாலு முனையையும் பிடித்துத் தூக்கினோம். மண் காலில் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கல்லைக் கட்டின கனம் கனத்தது. சரணம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கத்தரிக்கோலோடு வந்தார். “கழுத்துல இருக்கதை எடுக்கணும்” என்றார். இவர் குறுக்கே நின்றார்.

“மலைக்குப் போகாத மாலைய அறுக்கவா? எத்தன பேருக்குப் போட்டு விட்டவன் நான்! எம்புள்ள மாலைய அறுக்கதா?”

அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“அறுங்கம்மா! சாமி வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்” என்றேன்.

அறுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து சாமியிடம் பேசினேன். கும்பிடவில்லை, பேசினேன். “அய்யப்பா, ஒம் பேரத்தான் அவனுக்கு வச்சோம். ஒம் மாலையோடதான் அவன் விழுந்து கெடந்தான். இனி மறைக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. அவன எனக்கு வீட்டுக்குக் கொண்டாந்து குடு. மலையில இருந்து கொண்டாந்து குடுப்பியே, அப்பிடி இல்ல. நெசமாவே கொண்டாந்து குடு. எனக்கு அம்பது வயசு தாண்டுனதும் நானே இருமுடி கட்டி ஏறி வாரேன்.”

பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தான். மாலை இல்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அங்கே மனநலப் பிரிவில் ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். உடம்பிலிருந்து போதை இறங்கக் கொஞ்ச நாள் போதுமாம். அது இல்லாமல் வாழப் பழகத்தான் காலம் பிடிக்குமாம். வீட்டுக்குக் கூட்டிப் போனால் அதே ரோடு, அதே கூட்டாளிகள். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது, அங்கேயே தங்கி ஒரு வருஷமோ அதற்கு மேலோ சிகிச்சை எடுக்கலாம், ஆனால் அவனே சம்மதிக்க வேண்டும் என்றார். “வருசக்கணக்கிலயா? ஒரு மண்டலம் போதாதா?” என்று இவர் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்க மண்டலம் முடிஞ்ச மறுநாள் என்ன ஆச்சுன்னு நீங்களே சொன்னீங்களே அய்யா” என்றார்.

மணி சம்மதித்தான். சம்மதித்தானா, சண்டை போடத் தெம்பில்லையா, எனக்குத் தெரியாது. ஊரில் கேட்டவர்களிடம் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்தோம்.

இந்த மாதிரி இடங்களில் கட்டி வைத்து அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் தடவை பார்க்கப் போனபோது சட்டையைத் தூக்கி அவன் முதுகைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆனால் அவன் என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டான். “எம்மா, கூட்டிட்டுப் போயிரும்மா. இங்கன இருந்தா செத்துருவேன்” என்று அழுதான். பிள்ளை அழ அழ விட்டுவிட்டு வருவது இருக்கிறதே, அந்த வேதனை எந்தத் தாய்க்கும் வேண்டாம். பஸ்ஸில் வரும்போது சாமியிடம் ஒன்றையேதான் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டாந்து குடு.

மாதம் ஒரு தடவை போனோம். அங்கே காலையில் எழுந்து வேலை. சமையலுக்குக் காய் நறுக்குவது, மாட்டுக் கொட்டகை கூட்டுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. டாக்டர் வருவார். தினமும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் மனசில் இருப்பதை வெளிப்படையாகப் பேச வேண்டும். எங்களையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை நாங்கள் போனபோது மணி பூண்டு உரித்துக்கொண்டே, “நம்ம காட்டுல மழ பெஞ்சுச்சாம்மா?” என்று கேட்டான். வருஷக்கணக்கில் அவன் மழையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்லிக்கொள்ளப் பெரிய விஷயமில்லைதான். ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

மறுபடியும் கார்த்திகை வந்தது. இவர் புதுத் துளசி மாலை, கறுப்பு வேட்டி எல்லாம் வாங்கித் தயாராக இருந்தார். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டான், கூட்டி வந்து மாலை போடுவோம், போன வருஷம் அறுந்த விரதத்தை இந்த வருஷம் முடித்துவிடுவோம் என்பது அவர் கணக்கு. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நானும் வீட்டை மெழுகித் துடைத்து வைத்தேன். கார் பிடித்துப் போனோம். ‘இன்னும் கொஞ்ச காலம் இருந்தால் நல்லது, ஆனால் முடிவு உங்கள் மகனுடையது’ என்றார்கள் இல்லத்தில். மணியை வரச் சொன்னார்கள். இவர் பையிலிருந்து மாலையை எடுத்துக் காட்டினார்.

“வாலே போவோம். அப்பா கையால போட்டு விடுதேன்.”

மணி மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் சொன்னான்:

“வேண்டாம்ப்பா. நான் வரல.”

“என்னல சொல்லுத?”

“மாலைன்னா போடுத அன்னைக்கே கழட்டுத நாளும் தெரிஞ்சிரும்ப்பா. நீங்கள்லாம் விரத நாள எண்ணுவீங்க. நான் கழட்டுத நாளத்தான் எண்ணுவேன். சரணம் சொல்லும்போதும் அதான், மலை ஏறும்போதும் அதான். இங்கன எனக்கு எண்ணுததுக்கு ஒண்ணுமில்ல. காலைல எந்திரிச்சா இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுதேன். நாளைக்கு உள்ளது நாளைக்கு.”

இவருக்கு முகம் செத்துவிட்டது. “அவ்வளவு நாளும் நீ சாமிய நெனைக்கவே இல்லியால?” என்றார்.

“நெனைச்சேன்ப்பா. சாமி, அந்த நாளச் சீக்கிரம் கொண்டான்னு கும்புட்டேன்.”

இவர் மாலையை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் கொண்டுபோன முறுக்கை அங்கே இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினோம்.

வழியெல்லாம் எனக்கு அய்யப்பன் மேல் ஆத்திரம். வீட்டுக்குக் கொண்டாந்து குடு என்றுதானே கேட்டேன்? பெற்ற பிள்ளை வாயாலேயே வர மாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டாயே, இதுதான் நீ கொடுக்கிற வரமா? இனி உன்னைக் கும்பிடுவதாக இல்லை என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். சாத்தூரைத் தாண்டினோம். திடீரென்று இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏட்டி, யாரு என்னத்தக் குடுத்தாலும் வாங்கிக்கிடுத பயதான அவன். வேண்டாம்னு சொல்ல வராதுல்லா அவனுக்கு. இன்னைக்கு நம்மகிட்டயே வேண்டாம்னுட்டான் பாத்தியா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

சாமிமார்களே, அந்தக் காரிலேயே நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கூட்டாளிகளிடம், மாத்திரை நீட்டுகிறவர்களிடம் என் மகன் சொல்லத் தெரியாத வார்த்தை அது ஒன்றுதான். அந்த வார்த்தை வராமல்தான் அவன் உயிர் போய் உயிர் வந்தது. அதை முதன்முதலாக எங்களிடமே சொல்லிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியை அய்யப்பன் அங்கிருந்துதான் போட ஆரம்பித்திருக்கிறார். நான்தான் அது தெரியாமல் அவரை வைது தீர்த்தேன்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தை மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவில் வந்தவன் மறுபடியும் விழுந்தான். பழைய கூட்டாளி ஒருவன் மண்டப வாசலிலேயே காத்திருந்தான். ஆனால் இந்தத் தடவை அவன் மறைக்கவில்லை. மறுநாள் எங்கள் முன்னால் வந்து நின்று, “தப்புப் பண்ணிட்டேம்மா. இல்லத்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். இப்பவே போறேன்” என்றான். நாங்கள் யாரும் சொல்லாமல் அவனே பஸ் ஏறிப் போனான். அங்கே அவனை வைது விரட்டவில்லை. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள்.

இவரும் மாறினார். ஒரு தாய் தன் மகனை இழுத்துக்கொண்டு மாலை போடச் சொல்லி எங்கள் கடைக்கு வந்தார். மாத்திரைதான், பார்த்தாலே தெரிந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள். எல்லார் முன்னாலும் இவர் சொன்னார்: “எம்மா, எம்புள்ள திருப்பூர்ல இல்ல. போதைக்கு அடிமையாகி மறுவாழ்வு இல்லத்துல இருக்கான். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூட நானும் வாரேன். மாலைய அப்புறம் போடுவோம்.” குருசாமி மகனா என்று ஊர் ஒரு வாரம் பேசியது. பேசட்டும். அந்தப் பெண்ணோடு இவர் போனார்.

மணி இல்லத்தில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் வந்தான். ஆனி மாதம், காற்று மண்ணை வாரி அடிக்கிற ஒரு சாதாரண நாளில், கையில் ஒரு பையோடு வந்து இறங்கினான். என் வாய் பழக்கத்தில், “வாங்க சாமி” என்றது. “எம்மா, நான் மாலை போடலியே. எப்பவும் போல கூப்புடு” என்றான். என்னால் முடியவில்லை. பயம். மாதக்கணக்கில் பேர் சொல்லாமல், ‘இங்க பாரு’, ‘இந்தா’ என்றே ஒப்பேற்றினேன். இப்போதும் மாதம் ஒரு தடவை இல்லத்துக்குப் போய் வருகிறான். புதியம்புத்தூரில் துணி வெட்டுகிற வேலை பார்க்கிறான். வேன் ஓட்டக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டான்.

பிள்ளையை இப்படிப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாமியைக் கும்பிடுங்கள், விடாமல் கும்பிடுங்கள். ஆனால் கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். தங்கி இருக்கச் சொன்னால் வெட்கப்படாமல் விட்டுவிட்டு வாருங்கள். சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் அவசரப்பட்ட மாதிரி அவசரப்படாதீர்கள். நாம் கேட்ட மாதிரி அவர் கொடுக்கவில்லை என்றால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. என்னை அவர் கைவிடவில்லை.

போன கார்த்திகையில் மணியே வந்து, “அப்பா, மாலை போட்டு விடுங்க” என்று கேட்டான். இவர் அவனை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் போட்டார். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டதால் நானும் இருமுடி கட்டினேன். பதினெட்டுப் படியையும் மகன் பின்னாலேயே ஏறினேன். அங்கே எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பி, பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்து, இவர் எங்கள் மாலைகளைக் கழற்றினார்.

மறுநாள் விடிந்தது. எழுந்து பார்த்தேன். அவன் படுத்திருந்த பாய் காலியாகக் கிடந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கடைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பனியனோடு நின்று உளுந்து மூட்டையைத் தராசுக்கு நகர்த்திக்கொண்டிருந்தான். வெறும் கழுத்து. என்னைப் பார்த்து, “என்னம்மா, மூஞ்சி இப்பிடி இருக்கு? நான் வேலைக்குப் போமுன்ன அப்பாக்கு இத எடுத்து வச்சிட்டுப் போறேன்” என்றான்.

அத்தனை வருஷமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்ற வார்த்தை, தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் வந்தது.

“ஏலே மணி! சாப்பிட வால!”

“வாரேம்மா” என்றான்.